பங்காரியின் வாடகை

ராயக்கோட்டை மலைக்குப் பின்புறம்
பாறை வெடிப்பில் தொங்கும் அந்தக் கொடிக்கு
இலை கிடையாது.
கணுக்கணுவாய்ப் பச்சைக் கயிறு, ஒடித்தால் பால்.
ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.
தக்காளி வேரில் கரையான் விழுந்தால்
ஒரு கட்டு அறுத்து வந்து
மடைவாயில் போட்டுக் கல்லால் அமுக்குவோம்.
இரண்டு தண்ணீரில் கரையான் போகும்.
அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும்.

கெலமங்கலம் சாலையில் வேனை நிறுத்தி இறங்கியவர்கள்
சோமம் என்றார்கள் அதை.
தேவர்கள் குடித்ததாம்,
குடித்ததால் இன்னும் இருக்கிறார்களாம்.
கொடியைக் கையில் வாங்குமுன்
செருப்பைக் கழற்றினார் பெரியவர்.
என் வீட்டுக்காரர் திம்மராயன்
அரிவாளை முதுகுப்பக்கம் கொண்டுபோனார், ஏனோ.

மூன்று கட்டு, கட்டு இருநூறு.
விற்கிற ஆளும் வேண்டும் என்றார்கள்.
வேள்வியில் அப்படியொரு கட்டம் உண்டாம்:
ஒருவன் சோமத்தோடு உட்கார்ந்திருப்பான்,
இவர்கள் வந்து விலை கேட்பார்கள்,
கடைசியில் ஒரு செவலைப் பசுவுக்குப் படியும்.
அப்படியானால் பசுவும் வேண்டும்.
என் பங்காரிக்கு அன்று வாடகை முந்நூறு.
அவள் தேன்நிறக் கண்ணைப் பார்த்தே
பிடித்துப்போயிற்று அவர்களுக்கு.

மாந்தோப்பில் பந்தல்.
காளைத் தோல் மேல் கொடி,
பக்கத்தில் துவைத்த வேட்டியில் இவர்.
"பசுவில் பதினாறில் ஒரு பங்கு தருகிறோம்."
இதைவிடப் பெறும், என்று சொல்ல வேண்டும் இவர்.
வடமொழியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், மறந்துவிட்டது.
தமிழிலேயே சொன்னார்.
"ஒரு குளம்பு?"
இதைவிடப் பெறும்.
"ஒரு கால்?"
இதைவிடப் பெறும்.
"பாதிப் பசு?"
மண்டியில் கிரேட் எண்பதுக்குக் கேட்டாலும்
தலையாட்டிவிட்டு வருகிற மனிதர்
நாலாம் தடவை குரலை உயர்த்தினார்.
மாமரத்துக் காக்கைகள் எழும்பிப் போயின.

முழுப் பசு என்றார்கள்.
கயிற்றைக் கையில் கொடுத்தார்கள்.
எங்கள் பசு, எங்கள் கயிறு,
நான் திரித்த நூல்கயிறு.
அவர் அதை வாங்கிய விதம்
யாரோ புதிதாய்த் தந்ததை வாங்குவதுபோல இருந்தது.

பிறகு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
அதுவும் சடங்கு.
குச்சியால் அடித்து விரட்டினார்கள், அதுவும்.
சும்மா தொடுவதுதான் என்று சொல்லியிருந்தார்கள்.
முதல் ஆள் தொட்டான்.
இரண்டாமவன் சின்னப் பையன், அவனுக்கு யாரும் சொல்லவில்லைபோல.

"எதுக்குங்க அடி?" என்று கேட்டேன்.
விற்கக்கூடாததை விற்றவன் அல்லவா, என்றார் பெரியவர்,
முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டே.
வாங்கினது யார் என்று வாய்வரை வந்தது.
"கன்னுக்குட்டி வீட்ல கத்தும், மாட்டைச் சீக்கிரம் விடுங்க" என்றேன்.
குடித்தால் சாகமாட்டீங்களா என்றும் கேட்டேன்.
"நூறு வயசு இங்கே, மற்றதெல்லாம் அங்கே."
அங்கே என்று அவர் கை காட்டிய பக்கம்
அஞ்செட்டி மலைகள் இருந்தன.

பிழிந்ததை எங்களுக்குக் காட்டவில்லை.
பிழியாத துண்டுகள் பந்தல் ஓரம் கிடந்தன,
பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.
கத்தரிப்பாத்தியில் கரையான் இருந்தது.

ராத்திரி அவர் முதுகில் விளக்கெண்ணெய் தடவினேன்.
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.
"நல்ல வேஷம்" என்று சிரித்தார்.
பங்காரி வழக்கமான மூன்று லிட்டர் கறந்தாள்.

மறுநாள் விடியக்காலம், ராயக்கோட்டை மண்டி.
பதினெட்டு கிரேட் இறக்கினோம்.
கமிஷன்காரர் ஒரு தக்காளியை அமுக்கிப் பார்த்து
"தொண்ணூறு" என்றார், நோட்டில் எழுதப் போனார்.

"இதைவிடப் பெறும்."

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன்.
எழுதுகிற கை நின்றிருந்தது.
என் வீட்டுக்காரர் நேராகத்தான் நின்றார்,
வலது தோளை மட்டும்
கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு.